வலிக்காத பல்லுக்கு என்ன விலை

பூதத்தின் கன்னம் வீங்கியதிலிருந்துதான் இதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பேக்கரியில் மாவு பிசையும் மிஷினை ஓட்டுகிறவருக்குப் பூதம் என்று பெயர் வைத்தது என் அண்ணன். ஆள் ஒல்லிதான், குரல்கூட எழும்பாது. ஆனால் வேலை முடிந்து வெளியே வரும்போது புருவம், இமை, காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். ஒருநாள் அதே கோலத்தில் தெருவில் வந்து நின்றவரைப் பார்த்து யாரோ ஒருவர் இடுப்பில் இருந்த குழந்தை வீறிட்டு அழுதது. அன்றிலிருந்து அவர் பூதம். அவருடைய மனைவியே "எங்க வீட்டுப் பூதம் வந்தாச்சா?" என்றுதான் போனில் கேட்பார்.

அண்ணன் அங்கே அடுப்பு மாஸ்டர். அண்ணிக்குக் கேக் மேசை. க்ரீம் போடுவது, பூ வைப்பது, பெயர் எழுதுவது எல்லாம் அவர் கை. நான் வேன் ஓட்டுகிறவன். சுட்டதைச் சூடு ஆறுவதற்குள் கடைகளில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவேன். ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் வீட்டில் பேச ஒன்றுமிருக்காது என்பார்கள். எங்கள் வீட்டில் அண்ணி இருந்ததால் அந்தக் குறை இல்லை.

பூதத்துக்குக் கடைவாய்ப் பல்லில் வலி இருந்தது எல்லோருக்கும் தெரியும். பல மாதமாக ஒரு பக்கமாகவே மென்று தின்றார். வலி வரும்போது ஒரு மாத்திரை, வராதபோது நிம்மதி. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார் என்று சொல்லலாமென்றால், அவரால் பல்லைக் கடிக்கவே முடியாது. ஒரு காலையில் மிஷினை ஓட்டிக்கொண்டே சுவரில் சாய்ந்துவிட்டார். அண்ணிதான் முதலில் பார்த்தார். வீக்கம் கன்னத்தைத் தாண்டிக் கழுத்துவரை இறங்கியிருந்தது. வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பி, வண்டியை எடு" என்றார் அண்ணி.

பன் தட்டுகளை அப்படியே ஒரு பக்கம் தள்ளிவிட்டு, நடுவில் பூதத்தை உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். கழுத்தைக் கீறிச் சீழ் எடுத்தார்கள், அந்தப் பல்லையும் பிடுங்கினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூச்சுக்குழாயை அடைத்திருக்கும் என்றார்கள். பிழைத்து வந்தார், ஆனால் அவருடைய மனைவியின் தையல் மிஷின் விலைக்குப் போனது.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி, கீறிய டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதை முன்னாடியே யாராவது பார்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"ஒரு சின்ன சொத்தையை அடைச்சு அனுப்பியிருப்பாங்கம்மா" என்றார் அவர். "அரை மணி நேர வேலை."

திரும்பி வரும்போது வேனில் அண்ணி பேசவே இல்லை. ஏதோ ஒன்று யார் தலையிலோ விழப்போகிறது என்று அர்த்தம்.

பேக்கரிக்கு எதிரில் ஒரு செருப்புக்கடை. அதற்கு மேல் மாடியில் பல் டாக்டர். கேக் மேசைக்கு முன்னால் இருக்கும் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த மாடிப்படி நேராகத் தெரியும். மறுநாள் வேலை முடிந்ததும் அண்ணி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் தெருவைக் கடந்தார்.

"நீயும் கூடப் போடா" என்று அண்ணன் என்னைத் தள்ளிவிட்டார். "வாயைத் திறந்ததும் ரெண்டு பல்லைப் புடுங்கிடப் போறாங்க."

"அண்ணி வாயைத் திறந்தா அந்த டாக்டரம்மா நிலைமையை யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

மாடியில் ஒரே அறை. பச்சை நிற நாற்காலி, அதன் தலைக்குமேல் விளக்கு, மூலையில் கருவிகளை வேகவைக்கும் பெட்டி. டாக்டர் மட்டும் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். அண்ணியைவிடச் சில வயது இளையவராக இருப்பார். கண்ணாடி போட்டவர், சிரிக்க அவசரப்படாத முகம்.

"யாருக்கு வலி?" என்றார்.

"யாருக்கும் இல்ல டாக்டர். அதைக் கேட்கத்தான் வந்தேன். வலிக்காத பல்லைப் பார்க்கிறதுக்கு என்ன விலை?"

டாக்டர் டப்பாவைக் கீழே வைத்தார். "வலிக்காத பல்லா?"

"ஆமா. வாய் நல்லாத்தான் இருக்கு. உட்கார வெச்சு, ஒரு தடவை முழுசாப் பார்த்து, சுத்தம் பண்ணி அனுப்பணும். அதுக்கு எவ்வளவு ஆகும்?"

"இந்த ரூமைத் திறந்ததுலேருந்து இதை யாராவது கேட்க மாட்டாங்களான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார் டாக்டர். அப்போதுதான் முதல்முறை சிரித்தார். பிறகு விலையைச் சொன்னார். பரிசோதனைக்கு இவ்வளவு, க்ளீனிங்குக்கு இவ்வளவு. இரண்டும் சேர்ந்தால் எங்கள் வாரக் கூலியில் பாதி. அதை வருஷத்துக்கு இரண்டு தடவை செய்துகொள்வது நல்லது என்றும் சொன்னார்.

அண்ணி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "வலிச்சா கடன் வாங்கியாவது வந்துடுவோம். வலிக்காததுக்குப் பாதி வாரச் சம்பளத்தை எடுத்து யார் வைப்பாங்க?"

டாக்டர் முகம் கொஞ்சம் இறுகியது. "நான் யாரையும் கொள்ளையடிக்கல. நாற்காலிக்குக் கடன் கட்டறேன். ரூம் வாடகை, கரண்டு, கையுறை, மருந்து. க்ளீன் பண்ற முனை தேய்ஞ்சா மாத்தணும். எல்லாம் போக என் கையில நிக்கிறதைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க."

"கொள்ளைன்னு நான் சொல்லலையே டாக்டர். நீங்க சொல்ற விலை சரியாத்தான் இருக்கும். எங்க கையிலதான் அது அடங்கல." அண்ணி நாற்காலியைப் பார்த்தார். "ஆள் இல்லாத நேரத்துல இதுக்குக் கடன் ஏறாதா?"

"ஏறாம? அது பாட்டுக்கு ஏறும்."

"எங்களுக்கு மத்தியானத்தோட வேலை முடிஞ்சிடும். விடியறதுக்கு முன்னாடி வந்துடறோம் இல்லையா. உங்க படியில மத்தியானத்துலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு ஆள் ஏறி நான் பார்த்ததில்ல. ஜன்னலுக்கு நேராத்தான் என் மேசை. தப்பா எடுத்துக்காதீங்க."

டாக்டர் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது. அண்ணி விடவில்லை. அந்தக் காலியான நேரத்தில் எங்கள் பேக்கரி ஆட்களை ஒவ்வொருவராக அனுப்புவதாகவும், ஒருத்தர் விடாமல் எல்லோரும் வருவார்கள் என்றும், அதற்குப் பாதி விலை போட வேண்டும் என்றும் சொல்லி முடித்தார். கேக்குக்கு ஆர்டர் எடுக்கும்போது பேசுகிற அதே குரல்.

"நீங்க நினைக்கிற மாதிரி இல்லம்மா" என்றார் டாக்டர். "ஜென்மத்துல ஒரு தடவைகூட க்ளீன் பண்ணாத வாயெல்லாம் வரும். ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு மடங்கு நேரம் ஆகும். பாதி விலைக்கு ரெண்டு மடங்கு வேலை. என் கையைக் கடிக்கும்."

"முதல் தடவை கடிக்கும். அடுத்த தடவை கடிக்காது இல்லையா?"

"அடுத்த தடவை வருவாங்கன்னு யார் சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றார் அண்ணி.

யோசித்துச் சொல்வதாக டாக்டர் சொன்னார். மறுநாள் பன் வாங்க வந்தவர், காசைக் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாக அண்ணியிடம், "அடுத்த மாசத்துலேருந்து அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகுதான் அண்ணியின் உண்மையான வேலை ஆரம்பித்தது. காலி கோகோ டின் ஒன்றைக் கழுவி, மூடியில் துளை போட்டுக் கேக் மேசையில் வைத்தார். சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் அதில் போட வேண்டும்; ஒரு டீ, ஒரு பன் விலைதான். போடாமல் யாரும் அந்த மேசையைத் தாண்ட முடியவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத்தான் ஒண்ணும் வலிக்கலையே" என்றார் அண்ணன்.

"அதனாலதாங்க இப்பவே போடச் சொல்றேன்."

"வலிக்காம இருக்கிறதுக்குக் காசு கேட்கிற ஒரே பொண்டாட்டி நீதான்."

"வலிக்க வெக்கிறதுக்குக் காசு வேணாம், சும்மாவே பண்ணுவேன். போடுங்க."

முதலாளியையும் அண்ணி விட்டுவைக்கவில்லை. அவர் கல்லாவை விட்டு எழுந்தால் தேய்ந்துவிடுமோ என்று பயப்படுகிற மனிதர். "சம்பளம் குடுக்கறேன், லீவு குடுக்கறேன், பல்லு வேற குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு எண்ணிக்கொண்டிருந்ததைத் திரும்ப முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

கழுத்துக் காயம் ஆறி வந்த பூதம்தான் முதலில் போனார். அடுத்து அண்ணன், அப்புறம் நான். விளக்கு கண்ணில் அடித்தது, கருவி மண்டைக்குள் விசிலடித்தது, வாய் நிறையத் தண்ணீர். வலி என்று பெரிதாக இல்லை. எழுந்து வெளியே வந்தபோது கீழ்ப்பல்லின் பின்பக்கத்தை நாக்கால் தொட்டேன். இத்தனை வருஷமாக மேடாக இருந்த இடம் வழவழவென்றிருந்தது. யார் வீட்டுக்குள்ளோ தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போய் நின்றது.

ஒரு பத்துப் பதினைந்து பேர் போய் வந்ததும், டாக்டர் ஒருநாள் காலையில் பேக்கரிக்குள்ளேயே வந்துவிட்டார். அண்ணியிடம், "மாவு மிஷின் எங்கே? சர்க்கரை அரைக்கிறது எங்கே?" என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். சர்க்கரை மிஷினுக்கு மூடி கிடையாது. அரைக்கும்போது வெள்ளைப் புகை போல எழும்பி, அறை முழுக்கத் தொங்கும். எங்களுக்கு அது பழகிப்போன காற்று.

"முக்கால்வாசிப் பேருக்கு முன்பல்லுலதான் சொத்தை ஆரம்பிக்குது, ஈறை ஒட்டி" என்றார் டாக்டர். "சாப்பிடறதுல வர்ற சொத்தை பெரும்பாலும் கடைவாயிலதான் ஆரம்பிக்கும். இவங்க சர்க்கரையைத் தின்னல, மூச்சுல இழுக்கறாங்க. வாயைத் திறந்து மூச்சு விட்டாப் போதும், பல்லு மேல படிஞ்சிடும்." முதலாளியின் பக்கம் திரும்பினார். "இந்த மிஷினுக்கு ஒரு மூடி போடணும். வேலை செய்யறவங்களுக்கு முகமூடி குடுக்கணும்."

முதலாளிக்குச் சுருக்கென்றது. "பல் டாக்டர் எனக்கு ரொட்டி சுடக் கத்துக் குடுக்க வந்துட்டீங்களா?" என்றார். டாக்டர் கையில் ஒட்டிய சர்க்கரையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க முதலாளி அண்ணியின் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. வேலை போய்விடுமோ என்று அண்ணன் பயந்தார். அண்ணி ஒரு கல்யாணக் கேக்குக்கு ரோஜா போட்டுக்கொண்டிருந்தார். ஒரு இதழ்கூடக் கோணவில்லை. நான் அதை நின்று பார்த்தேன்.

ஆனால் வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது.

க்ளீன் செய்துகொண்ட சிலருக்குக் குளிர்ந்த தண்ணீர் குடித்தால் பல் கூசியது. சிலருக்குப் பல்லுக்கு நடுவில் புது இடைவெளி தெரிந்தது. பேக்கிங்கில் இருக்கும் பெண்களில் ஒருத்தர், "எங்க சித்திக்கு இப்படித்தான் க்ளீன் பண்ணி, மொத்தப் பல்லும் ஆட்டம் கண்டுடுச்சு" என்றார். அவ்வளவுதான். ஈஸ்ட் போட்ட மாவு போல அந்தப் பேச்சு ஒரே நாளில் பொங்கிவிட்டது. பூதத்தின் மனைவி நேரில் வந்துவிட்டார்.

"ஏன்க்கா, நல்லதுதானே பண்றீங்கன்னு நம்பி அனுப்பினேன். இப்ப ஆப்பிள் கடிச்சா பல்லு ஆடுற மாதிரி இருக்குங்கறாரு. ஏற்கெனவே ஒண்ணு போச்சு. இருக்கிறதையும் சுரண்டி எடுத்துட்டா அவரு எதை வெச்சு சாப்பிடறது?"

அண்ணன்கூட, "எனக்கும் தண்ணி பட்டா ஜிவ்வுங்குது" என்று பூதத்தின் பக்கம் போய் நின்றுகொண்டார். இன்னும் போகாதவர்கள் டின்னில் போட்ட காசைத் திருப்பிக் கேட்டார்கள். அண்ணி டின்னைத் திறந்தார். கேட்டவர்களுக்குக் கொடுத்தார்.

அப்போதுதான் பேக்கிங் பெண் கேட்டார். "எங்களை எல்லாம் அனுப்பறீங்களே, நீங்க இன்னும் போகவே இல்லையேக்கா?"

உண்மைதான். எல்லோரும் முடித்தபிறகு போகலாம் என்று அண்ணி தன் முறையைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார். ஆனால் கேட்கிறவர்கள் காதில் அது எப்படி விழும்?

அண்ணி க்ரீம் பையைக் கீழே வைத்தார். "நாளைக்கு நான் போறேன். எல்லாரும் கூட வாங்க. கதவைத் திறந்து வெச்சே பண்ணச் சொல்றேன். உங்க கண்ணாலேயே பாருங்க."

மறுநாள் மத்தியானம் அந்த மாடிப்படி அவ்வளவு கூட்டத்தை முன்னெப்போதும் தாங்கியிருக்காது. அடுப்பில் வேலை செய்கிறவர்கள், பேக்கிங் பெண்கள், பூதம், பூதத்தின் மனைவி எல்லோரும் வந்துவிட்டார்கள். செருப்புக்கடைக்காரர் ஏதோ தகராறு என்று நினைத்துப் பாதி ஷட்டரை இறக்கிவிட்டார். கடைசிப் படியில் முதலாளி. ரஸ்க் லோடு ஏற்ற ஆளில்லாமல் கிடக்கிறதே என்று பார்க்க வந்தாராம். அண்ணனும் நானும் உள்ளே, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றோம். மற்றவர்கள் வாசலில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் அண்ணியின் வாய்க்குள் கண்ணாடிக் கம்பியை விட்டு மேலே, கீழே எல்லாம் பார்த்தார். கீழே முன்பக்கம் வந்ததும் கை நின்றது. ஒரு எக்ஸ்ரே எடுத்தார். அதை விளக்கில் பிடித்துப் பார்த்தவர் முகத்தில் இருந்த தெளிவு போய்விட்டது. எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்து பேசினார்.

"கீழ முன்பல் ஒண்ணு மோசமா இருக்கு. உள்ள எலும்பு கரைஞ்சு போச்சு. சுத்தியும் காரை, பல்லு அழுக்கு இறுகிப்போய்க் கல்லாட்டம் பிடிச்சிருக்கு, பக்கத்துப் பல்லோட சேர்த்து அதுதான் இதைத் தூக்கி நிறுத்தியிருக்கு. இப்ப நான் க்ளீன் பண்ணினா நிஜமாவே ஆடும்."

அண்ணி வாயிலிருந்த பஞ்சை எடுத்தார். "வலியே இல்லையே டாக்டர்?"

"இதுல வலி கடைசியிலதான் வரும். நாள் முழுக்க க்ரீம் ருசி பார்க்கறீங்க, அதுவும் ஒரு காரணம்." டாக்டர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "இன்னிக்கு வேணாம். மத்த பல்லு நல்லாத்தான் இருக்கு. மேல் வரிசையை மட்டும் பண்ணி அனுப்பிடறேன். கீழ்வரிசைக்கு நீங்க தனியா ஒருநாள் வாங்க. இவ்வளவு பேர் பார்க்கறப்போ பல்லு ஆடிச்சுன்னா, அதோட எல்லாம் முடிஞ்சுது. உங்க பேரும் போகும், என் பேரும் போகும்."

அண்ணன் அவசரமாகத் தலையாட்டினார். "அதான் சரி, அதான் சரி. மேல மட்டும் பண்ணிக்க."

நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அந்த விளக்கு வெளிச்சத்தில் மறைக்க எதுவும் இல்லை. பயந்துவிட்டார் என்பது தெரிந்தது. ஏப்ரனின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். எவ்வளவு சாமர்த்தியம் இருந்தாலும், கண்ணாடியில் தினமும் பார்க்கிற முன்பல் போகப்போகிறது என்றால் யாருக்கு எப்படி இருக்கும்?

"இன்னிக்கு மறைச்சா," என்றார் மெதுவாக, "என்னிக்காவது இந்தப் பல்லு ஆடத்தான் போகுது. அப்ப அவங்க என்ன நினைப்பாங்க? டாக்டர், நீங்க எங்ககிட்ட சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லுங்க. அந்தப் படத்தையும் காட்டுங்க. அப்புறம் கீழ்வரிசையைப் பண்ணுங்க."

"ஏய், யோசிச்சுத்தான் பேசறியா?" என்றார் அண்ணன்.

"யோசிச்சா எழுந்து போயிடுவேன். பேசாம இருங்க."

டாக்டர் எழுந்து, எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கூட்டம் இரண்டு படி பின்னால் நகர்ந்தது.

"எல்லாரும் பாருங்க. இது உங்க அக்காவோட பல்லு. இந்த வெள்ளையாத் தெரியறது எலும்பு. மத்த பல்லுக்கெல்லாம் இவ்வளவு உயரம் இருக்கு. இந்த ஒரு பல்லுக்கு மட்டும் இங்க இறங்கிடுச்சு. இது எலும்புல நிக்கல, காரையில நிக்குது. காரையை எடுத்தா ஆடும். எடுக்காம விட்டா பக்கத்துல இருக்கிற நல்ல பல்லோட எலும்பையும் சேர்த்துக் கரைக்கும். நான் இன்னிக்கு வேணாம்னு சொன்னேன். உங்க முன்னாலேயே பண்ணணும்னு அவங்கதான் சொல்றாங்க."

டாக்டர் நாற்காலிக்குத் திரும்பி வேலையை ஆரம்பித்தார். விசில் சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. காரை சிறுசிறு துண்டுகளாக உடைந்து தட்டில் விழுந்தது. சிலது பழுப்பு, சிலது கறுப்பு. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அடுப்புக்குள் கையை விடுகிற மனிதரால் மனைவி வாய்க்குள் நடப்பதைப் பார்க்க முடியவில்லை.

முடிந்ததும் அண்ணி வாயைக் கொப்பளித்தார். நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. துடைத்துக்கொள்ளாமல் அப்படியே எழுந்து வாசலுக்குப் போனார்.

"ஆடுது" என்றார்.

பேக்கிங் பெண், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆடுதுதான்" என்றார் அண்ணி. "கல்லு இறுக்கிப் பிடிச்சிருந்ததை நான் பல்லு கெட்டியா இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் படியில ஏறியிருந்தா இது நின்னிருக்கும். அப்ப பாதி வாரக் கூலியான்னு பார்த்திருப்பேன், ஏறியிருக்க மாட்டேன். இப்ப டின்னுல போடற காசு அதுக்குத்தான். எனக்கு இல்ல. உங்கள்ல யாருக்கு இன்னும் எலும்பு இருக்கோ அவங்களுக்கு. வேணாம்னா வேணாம், நான் கட்டாயப்படுத்தல."

அவ்வளவுதான் பேசினார். நான் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக ஆட்களைச் சம்மதிக்க வைத்துப் பார்த்திருக்கிறேன். தனக்கு நேர்ந்த நஷ்டத்தை வாயைத் திறந்து காட்டி ஒருவர் சம்மதிக்க வைத்தது அன்றுதான்.

முதலில் முன்னால் வந்தது பூதத்தின் மனைவிதான். "அப்போ எங்க வீட்டுக்காரர் பல்லு, டாக்டர்?" பூதத்தை அங்கேயே உட்கார வைத்து டாக்டர் ஒவ்வொரு பல்லாக விரலால் அசைத்துப் பார்த்தார். "ஒண்ணும் ஆடல. கல்லு இருந்த இடம் காலியானதால அப்படித் தெரியுது. ஈறு இறுகி வரும். கூச்சம் கொஞ்ச நாள்ல அடங்கிடும். அடங்கலைன்னா வாங்க, காசு வேணாம், பார்க்கறேன்."

"எனக்கும் டின்னுல போட்டா பார்ப்பீங்களா? நான் பேக்கரியில வேலை செய்யல" என்றார் அந்த அம்மா.

"பூதத்துக்கு வாக்கப்பட்டாச்சு, அதுக்கு மேல என்ன வேலை செய்யணும்?" என்று அண்ணன் சொல்ல, படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு இறங்கியது. சிரிப்பு கடைசிப் படிக்கு வந்தபோது முதலாளி தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், பாதி விலை... முதலாளிக்கும் உண்டா?"

"சர்க்கரை மிஷினுக்கு மூடி போட்டாச்சா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு முழு விலை."

அடுத்த வாரமே தகர வேலைக்காரர் வந்து மிஷினுக்கு மூடி செய்து மாட்டினார். மூடியிலிருந்து ஒரு துணிக்குழாயும் இறங்கியது. "சர்க்கரை காத்துல வீணாப் போகுது, அதுக்காகத்தான் போட்டேன்" என்று முதலாளி கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டு முகமூடியும் இருந்தது. அதற்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை.

டின் திரும்ப நிறைந்தது. காசைத் திருப்பி வாங்கியவர்கள் யாரும் பார்க்காத நேரத்தில் போட்டார்கள். எல்லோரும் போய் முடிக்க நாளானது. அந்த மாதங்களில் டாக்டரின் கையைக் கடித்தது நிஜம். ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு நாள், மூன்று நாள் என்று இழுத்தது. மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்தார். ஆனாலும் சொன்ன விலைக்கு மேல் ஒரு காசு கேட்கவில்லை, வேலையில் ஒரு இடம் விடவில்லை. அண்ணி ஒருநாள், "விலையைக் கொஞ்சம் ஏத்திக்குங்க டாக்டர், எங்களுக்கே பார்க்கக் கஷ்டமா இருக்கு" என்று தானாகவே போய்ச் சொன்னார். விலையை ஏற்றச் சொல்லிப் பேரம் பேசிய வாடிக்கையாளரை டாக்டர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார். "அடுத்த தடவை கடிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்.

அண்ணி வாக்குக் கொடுத்தபடி எல்லோரும் அடுத்த தடவையும் போனார்கள். ஆளுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தச் சுற்று முடிந்ததும் டாக்டர் தானாகவே விலையை இன்னும் குறைத்தார். பக்கத்துத் தையல் கம்பெனியிலிருந்தும், பஸ் டெப்போவிலிருந்தும் ஆட்கள் வந்து, எங்களுக்கும் அதே மாதிரி போட்டுத் தர முடியுமா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அண்ணியின் அந்தப் பல் கடைசியில் தாங்கவில்லை. டாக்டர் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு செயற்கைப் பல்லைப் பக்கத்துப் பற்களோடு ஒட்டி வைத்தார். காசு வேண்டாம் என்றார். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் அந்த அறையில் நின்று மரியாதையாக, விட்டுக்கொடுக்காமல் வெகுநேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் அண்ணி கொஞ்சம் கொஞ்சமாகத் தருவதாகவும், டாக்டர் மறுக்காமல் வாங்கிக்கொள்வதாகவும் முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

புதுப்பல் மற்ற பற்களைவிட ஒரு சாயல் வெள்ளை. வீட்டுக்கு வந்த அன்று அண்ணி கண்ணாடி முன்னால் நின்று உதட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். "தனியாத் தெரியுதா?" என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் பக்கத்தில் போய், அடுப்பில் ரொட்டியின் நிறம் பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"தெரியுது" என்றார். "அது ஒண்ணுதான் நம்ம காசு. மத்ததெல்லாம் உங்க அப்பா வீட்டுலேருந்து வந்தது."

அண்ணி கையில் இருந்த துண்டால் அவர் முதுகில் ஒன்று வைத்தார். வைத்துவிட்டுக் கையால் வாயை மூடாமல் சிரித்தார்.